‘ஸம்மா’ என்னும் அடைமொழி எதை விலக்குகிறது?

பௌத்தர்களின் அஷ்டாங்க மார்க்கத்தில் எட்டாவது அங்கத்திற்கு ‘ஸம்மா ஸமாதி’ என்று பெயர். ‘ஸம்மா’ என்னும் பாலிச் சொல் வடமொழியில் ‘ஸம்யக்’ என்பது. தமிழில் பௌத்தம் பற்றி எழுதுவோர் இத்தொடரை ‘நற்சமாதி’ என்றோ ‘செவ்விய ஒருமைப்பாடு’ என்றோ பெயர்த்துவிட்டு மேலே சென்றுவிடுகின்றனர். வ்யாக்யாந வழியில் பயின்றவர்க்கோ இவ்விடத்தில் ஒரு வினா எழாமல் இராது. அடைமொழி இருவகைப்படும். செஞ்ஞாயிறு என்னுமிடத்துச் செம்மை, செம்மையல்லாத வேறொரு ஞாயிற்றை விலக்க வந்ததன்று. கருங்குவளை என்னுமிடத்துக் கருமையோ செங்குவளையை விலக்கவே வந்தது. முன்னையதைத் தன்னோடியைபின்மை நீக்கிய விசேடணம் என்றும், பின்னையதைப் பிறிதினியைபு நீக்கிய விசேடணம் என்றும் உரையாசிரியர்கள் வழங்குவர். ‘ஸம்மா’ என்னும் அடை இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது?

முன்னையதாயின், மனம் ஒன்றில் நிலைபெறுதல் என்பது எங்கு நிகழினும் நன்றே என்று முடியும். பின்னையதாயின், தீய ஸமாதி என்று ஒன்று உண்டு என்றும், ஒருமை கைவந்தவனும் வழிதவறியவனாக இருக்கக்கூடும் என்றும் முடியும். கண்ணை மூடி உட்கார்ந்து, எண்ண அலைகள் அடங்கக் கண்டு, ‘இதுவே அது’ என்று மகிழ்ந்திருக்கும் ஒருவனுக்கு இவ்விரண்டு முடிபுகளும் ஒன்றல்ல.

பரமத விசாரத்தில் நம்மவர்களின் நூல்கள் பௌத்தனை எதிர்கொண்டது பெரும்பாலும் க்ஷணபங்க வாதத்திலும், ஸமுதாய வாதத்திலும், சூந்ய வாதத்திலுமே. ப்ரஹ்ம ஸூத்ரத்தின் இரண்டாம் அத்தியாயத்து இரண்டாம் பாதத்தில் ஸமாதியைப் பற்றிய சர்ச்சை எழவில்லை. ஆகவே இப்பகுதி நம்மிடையே அதிகம் ஆராயப்படாமலே இருந்துவிட்டது. ஆயினும் இவ்வுரைகள் தமிழகத்திற்கு அந்நியமானவை அல்ல. புத்தகோஷர் தம் உரைகளின் முடிவுரைகளில் காஞ்சிபுரத்தில் தங்கியதைக் குறிப்பிடுகிறார். ‘அபிதம்மாவதாரம்’ இயற்றிய புத்ததத்தர் சோழநாட்டில் காவிரிக்கரையில் இருந்து எழுதியவர். இவ்வுரைகள் ஒருகாலத்தில் காவிரியையும் பாலாற்றையும் அடுத்த விஹாரங்களில் பாடம் சொல்லப்பட்டவை.

முதலில் மூலத்தைக் காண்போம். மஜ்ஜிம நிகாயத்தின் 108ஆம் ஸூத்திரம் ‘கோபக மொக்கல்லாந ஸுத்தம்’. நிகழும் காலம் புத்தர் பரிநிர்வாணம் அடைந்து நெடுங்காலம் ஆகாத காலம். இடம் ராஜக்ருஹம். மன்னன் அஜாதசத்ரு, பஜ்ஜோத மன்னனிடம் கொண்ட ஐயத்தால் நகரின் அரண்களைச் செப்பனிடுவித்துக் கொண்டிருக்கிறான். மகதத்தின் மஹாமாத்ரனாகிய வஸ்ஸகாரன் என்னும் அந்தணன் அவ்வேலைகளை மேற்பார்வையிடும் வழியில் ஆநந்தரைச் சந்திக்கிறான். பேச்சு த்யாநத்தைப் பற்றித் திரும்புகிறது. வைசாலியின் மஹாவனத்தில் தான் கௌதமரைக் கண்டதை நினைவுகூர்ந்து, அவர் த்யாநத்தில் ஈடுபட்டவர் என்றும், எல்லா த்யாநத்தையும் புகழ்ந்தவர் என்றும் வஸ்ஸகாரன் சொல்கிறான். புகழுரையாகவே சொல்கிறான். சீடராகிய ஆநந்தர், ஆசான் மறைந்த துயரம் ஆறாத நிலையிலும், அப்புகழை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. எல்லா த்யாநத்தையும் அவர் புகழ்ந்தாரல்லர். எல்லாவற்றையும் இகழ்ந்தாருமல்லர் என்று பிரித்துச் சொல்கிறார். இகழப்பட்டது எது? காமராகத்தையே உள்ளே வைத்துக்கொண்டு செய்யும் த்யாநம். அவ்வாறே வ்யாபாதம் என்னும் பகைமை, மந்தமும் உறக்கமும், பரபரப்பும் கழிவிரக்கமும், ஐயம் என்னும் இவற்றுள் ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு செய்பவை. புகழப்பட்டவை முதல் த்யாநம் தொடங்கி நான்காம் த்யாநம் ஈறாக உள்ளவை.

இந்த ஒரு பகுதியே ‘ஸம்மா’ என்னும் அடை கருங்குவளை வகையைச் சேர்ந்தது என்பதை நிறுவப் போதுமானது. விலக்கப்படும் பொருள் கற்பனையன்று. ஆநந்தர் அதைப் பெயரிட்டு வருணிக்கிறார். இங்கு நோக்க வேண்டியது, நீவரணங்கள் என்னும் இவ்வைந்து தடைகளும் த்யாநத்தைக் கலைப்பனவாக மட்டும் கூறப்படவில்லை என்பது. பொதுவாகப் பாடம் சொல்லும்போது தடை நீங்கினால் த்யாநம் வரும், தடை இருந்தால் த்யாநம் வராது என்றே சொல்லப்படும். ஆநந்தர் சொல்வதோ வேறு. தடை இருக்கும்போதும் ஒருவகை த்யாநம் நிகழ்கிறது. தடையே அதன் உட்கருவாகிறது. பகைவனையே நினைத்து நினைத்து இரவெல்லாம் உறங்காதவன் மனம் சிதறியவன் அல்லன். அவன் மனம் மிக நன்றாகக் குவிந்திருக்கிறது. குவிந்த இடந்தான் கேடு.

இவ்விடத்தில் ஆநந்தர் பயன்படுத்தும் வினைகள் நான்கு: ஜாயந்தி, பஜ்ஜாயந்தி, நிஜ்ஜாயந்தி, அபஜ்ஜாயந்தி. ‘த்யை’ என்னும் ஒரே தாதுவுக்கு ப்ர, நி, அப என்னும் உபஸர்க்கங்களைச் சேர்த்து அடுக்கிய அடுக்கு இது. இதே அடுக்கு மஜ்ஜிம நிகாயத்தின் 50ஆம் ஸூத்திரத்திலும் வருகிறது. அங்கு மாரனால் தூண்டப்பட்ட இல்லறத்தார் பிக்ஷுக்களைப் பார்த்து ஏளனம் செய்கின்றனர். தோள் சரிந்து, தலை கவிழ்ந்து, சோர்ந்து உட்கார்ந்து ‘நாங்கள் த்யாநிகள்’ என்று இருக்கும் இவர்கள், மரக்கிளையில் எலியை எதிர்நோக்கியிருக்கும் ஆந்தையைப் போலவும், ஆற்றங்கரையில் மீனுக்காகக் காத்திருக்கும் நரியைப் போலவும், குப்பைமேட்டருகே எலியைப் பார்த்திருக்கும் பூனையைப் போலவும், சுமை இறக்கிவிடப்பட்டு அவ்விடத்தே நிற்கும் கழுதையைப் போலவும் இருக்கிறார்கள் என்பது ஏளனத்தின் சாரம்.

இந்த வினையடுக்குக்குப் புத்தகோஷரின் உரை, முதல் வினைக்குச் ‘சிந்திக்கின்றனர்’ என்று பொருள் கூறிவிட்டு, ஏனையவை உபஸர்க்கத்தால் வளர்க்கப்பட்டவை என்ற அளவில் நின்றுவிடுகிறது. உரையாசிரியர்களுள் தலைசிறந்தவர் ஒருவர் இவ்வளவில் நிறுத்தியது குறையே என்று சொல்ல வேண்டும். உபஸர்க்கம் தாதுவின் பொருளை வலிந்து வேறிடம் கொண்டு செல்லும் என்பது வையாகரணர்களுக்குப் பழகிய செய்தி. இங்கு அதற்குச் சான்று பாலி மூலத்திலேயே இருக்கிறது. வாதத்தில் தோற்று வாயடைத்துப் போனவனை நிகாயங்கள் வருணிக்கும்போது ஒரு நிலைத்த வாய்பாடு வருகிறது. நாணமுற்று, தோள் சரிந்து, முகம் கவிழ்ந்து, ‘பஜ்ஜாயந்தோ’வாகி, மறுமொழி தோன்றாமல் இருந்தான் என்பது அதன் போக்கு. அங்கு ‘பஜ்ஜாயந்தோ’ என்பதற்குத் த்யாநம் செய்துகொண்டு என்று பொருள் கொள்ள முடியாது. உள்ளுக்குள் குமைந்துகொண்டு என்பதே பொருள். ஏளனம் செய்தவர்கள் ‘தோள் சரிந்து, தலை கவிழ்ந்து’ என்று அதே வாய்பாட்டுச் சொற்களை எடுத்தாண்டதும் தற்செயலன்று. பிக்ஷுக்கள் த்யாநிப்பவர்கள் அல்லர், குமைபவர்கள் என்பதே அவர்கள் வசை. வடமொழியிலும் ‘த்யை’ தாதுவுக்கு இந்நிறம் உண்டு. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், ஒருவன் விஷயங்களையே நினைத்துக்கொண்டிருக்க, அதிலிருந்து பற்றும், பற்றிலிருந்து காமமும், காமத்திலிருந்து க்ரோதமும் பிறக்கும் வரிசை தொடங்குவது இத்தாதுவைக் கொண்டே.

இப்படிக் கொண்டால் ஆநந்தரின் உத்தி விளங்குகிறது. உலகத்தார் வசையாகச் சொன்ன அதே நான்கு சொற்களை அவர் எடுத்து, தம் ஸங்கத்திற்கு உள்ளேயே விலக்க வேண்டியதை விலக்கப் பயன்படுத்துகிறார். ஆந்தையின் ஒருமையும் ஒருமைதான். எலி தென்படும்வரை அது அசைவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அதற்கும் முனிவனுக்கும் வேறுபாடு தெரியாது என்பதில் ஏளனக்காரன் பொய் சொல்லவில்லை. வேறுபாடு உட்கருவில் இருக்கிறது என்பதே ஆநந்தரின் விடை. ‘உபஸர்க்கத்தால் வளர்ந்தவை’ என்று உரை கடந்து சென்றதால், இந்த இரண்டு ஸூத்திரங்களுக்கும் இடையிலுள்ள தொடர்பு படிப்பவர் கண்ணில் படாமல் போயிற்று.

அங்குத்தர நிகாயத்தின் பதினொன்றாம் நிபாதத்தில் இதே அடுக்கு மற்றோரிடத்தும் வருகிறது. ‘அபஜ்ஜாயதி’ என்பதற்கு ஈடாக அங்கு ‘அவஜ்ஜாயதி’ என்று பாடம். நாதிகத்தில் செங்கல் மண்டபத்தில் ஸந்தர் என்னும் பிக்ஷுவுக்கு உபதேசம். பழக்கப்படாத குதிரை தொட்டியில் கட்டப்பட்டபோது ‘தீனி, தீனி’ என்றே நினைத்துக்கொண்டிருக்கும். நற்குலக் குதிரையோ, இன்று சாரதி எனக்கு என்ன பணி இடுவானோ, நான் அதற்கு எவ்வாறு ஈடுகொடுப்பேன் என்று நினைக்கும். தொட்டி ஒன்று, கயிறு ஒன்று, நிற்கும் நிலையும் ஒன்று. இவ்வுவமையின் அழகு, இரண்டு குதிரைகளும் நினைக்கின்றன என்பதில் இருக்கிறது. நினைவற்றுப் போவதை இது நல்ல குதிரையின் இலக்கணமாகக் கூறவில்லை.

இனி அபிதம்மத்தின் நிலை. தேரவாத அபிதம்மம் ‘ஏகக்கதா’ என்னும் ஒருமையை எல்லாச் சித்தங்களுக்கும் பொதுவான ஏழு சேதஸிகங்களுள் ஒன்றாக வைக்கிறது. எந்த மனமும் எந்த நொடியிலும் ஏதோ ஒரு பொருளைப் பற்றியே எழுகிறது. பற்றும் அளவில் ஒருமை இருந்தே தீரும். தம்மஸங்கணி, லோபத்தோடு கூடிய தீய சித்தத்தை வகுக்குமிடத்தில், அதில் அமைந்த தர்மங்களுள் ‘மிச்சா ஸமாதி’ என்பதையும் தயக்கமின்றி எண்ணுகிறது. மித்யா ஸமாதி என்பது பிறமதத்தார் மீது எறியும் வசைச்சொல் அன்று. சாஸ்திரத்திற்குள் இடம்பெற்ற ஒரு தர்மம்.

இவ்விஷயத்தில் பௌத்தர்களுக்குள்ளும் ஒருமித்த கருத்து இல்லை. ஸர்வாஸ்திவாதிகள் ஸமாதியை எல்லா மனங்களிலும் அமையும் மஹாபூமிக தர்மங்கள் பத்தினுள் ஒன்றாக வைத்தனர். யோகாசாரர் அதை மறுத்து, ஸ்ம்ருதி, ப்ரஜ்ஞை முதலியவற்றோடு சேர்த்து, குறித்த பொருளைப் பற்றும்போது மட்டும் எழும் விநியதங்கள் ஐந்தில் ஒன்றாக வைத்தனர். பாதஞ்ஜல யோக ஸூத்ரத்தின் முதற் ஸூத்ரத்து வ்யாஸ பாஷ்யமும் இதே சிக்கலைத் தொட்டுச் செல்கிறது. ஸமாதி சித்தத்தின் எல்லா பூமிகளுக்கும் பொதுவான தர்மம் என்று முதலில் சொல்லிவிட்டு, க்ஷிப்தம், மூடம், விக்ஷிப்தம் என்பவற்றுள் சிதறலுக்கு அடங்கிக் கிடக்கும் ஸமாதி யோகத்தின் பக்ஷத்தில் சேராது என்று பாஷ்யகாரர் விலக்குகிறார். பொதுவில் வைத்துப் பின் விலக்கும் இம்முறை, ஒரு சொல்லை ரூடியாகக் கொள்வதா இலக்கண நெறியில் கொள்வதா என்ற தடுமாற்றத்திலிருந்து காக்கும் முறை.

‘அத்தஸாலிநீ’ என்னும் தம்மஸங்கணி உரை, தீய சித்தத்தில் ஒருமை எங்ஙனம் என்பதற்குத் தரும் எடுத்துக்காட்டுகள் திடுக்கிடச் செய்பவை. கொலை செய்பவன் மனத்தை ஒன்றுபடுத்தி, குறி தப்பாமல் ஆயுதத்தைப் பிற உயிரின் உடலில் இறக்குகிறான். களவு செய்பவன் நன்கு ஸமாஹிதனாகவே பிறர் பொருளைக் கவர்கிறான். பிறன்மனை நயப்பவனும் ஒரே சுவையில் நின்ற மனத்தோடே தவறுகிறான். இவ்வளவு நேர்மையாகச் சொன்ன உரைகாரர், அடுத்து நல்ல ஒருமைக்கும் தீய ஒருமைக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உவமையால் விளக்குகிறார். புழுதி நிலத்தில் நீர் தெளித்துப் பெருக்கினால் சிறிது நேரம் தூசி அடங்கும். உலர உலர மீண்டும் எழும். தீய ஒருமை அத்தகையது. அதற்கு வலிமை இல்லை. அதே நிலத்தில் குடங்குடமாக நீரூற்றி, மண்வெட்டியால் கொத்தி, அடித்துப் பிசைந்து மெழுகிவிட்டால் கண்ணாடிபோல நிழல் தெரியும். நூறாண்டு சென்றாலும் அப்போது மெழுகியது போலவே இருக்கும். நல்ல ஒருமை அத்தகையது.

உவமை அழகியது. ஆனால் இதை முழுதும் ஏற்றுக்கொள்ளத் தடை இருக்கிறது. வலிமைக் குறைவே தீமையின் இலக்கணம் என்றால், தீய ஒருமை வலிமை பெறப் பெற நல்லதாகிவிட வேண்டும். குறி தப்பாத கொலையாளியின் ஒருமை, அந்நொடியில், த்யாநத்தில் புதிதாக அமர்ந்தவனின் ஒருமையைவிட உறுதியானது என்பதையும் மறுக்க இயலாது. உரைகாரரின் எடுத்துக்காட்டே அதற்குச் சாட்சி. ஆகவே உவமையின் ஒரு கூற்றை மட்டுமே கொள்ள வேண்டும். நீடித்து நில்லாமை தீய ஒருமையிலிருந்து விளைவது. அதுவே அதன் தீமை அன்று. தீமை அதன் மூலமாகிய லோப, த்வேஷ, மோஹங்களில் இருக்கிறது. இப்படிப் பிரித்துக் கொள்ளாமல் உவமையையே இலக்கணமாக எடுத்துக்கொண்டவர்கள், ‘நெடுநேரம் நிலைத்திருந்தால் நல்ல ஸமாதி’ என்ற அளவுகோலுக்கு வந்துவிடுகின்றனர். எத்தனை நாழிகை அசையாதிருந்தான் என்று எண்ணிப் பெருமைப்படும் வழக்கம் எல்லா மதத்துச் சாதகர்களிடமும் உண்டு. அதற்கு இவ்வுரை துணைபோகக் கூடாது.

வஸுபந்துவின் அபிதர்மகோசம் எட்டாம் கோசஸ்தாநத்தில் த்யாநத்தைச் ‘சுபமான ஐகாக்ர்யம்’ என்று வரையறுக்கிறது. அதன் பாஷ்யத்தில், அப்படியானால் க்லேசத்தால் மாசுற்றதற்கும் த்யாநம் என்று பெயர் வருவது எப்படி என்று வினா எழுப்பி, பொய்யாக நோக்குவதால் என்று விடை கூறி, அப்படியானால் அதிப்ரஸங்கம் அல்லவா என்று மீண்டும் தடுத்து, அதனோடு ஒத்த தோற்றமுடையதற்கே அப்பெயர், அழுகிய விதையைப் போல என்று முடிக்கிறார். அழுகிய விதையும் விதை என்றே வழங்கும். நிறமும் வடிவும் விதையினுடையவை. கூழாங்கல்லை யாரும் அழுகிய விதை என்பதில்லை. பகவானே தீய த்யாநங்களையும் கூறியிருக்கிறார் என்றும் வஸுபந்து சேர்த்துச் சொல்வது மேலே கண்ட ஆநந்தர் வாக்கு போன்ற மூலங்களை மனத்தில் கொண்டதாதல் வேண்டும். நீர் தெளித்த புழுதியைவிட இவ்வுவமை பொருளுக்கு அணுக்கமானது என்பதில் ஐயமில்லை. அழுகிய விதை வலிமையற்ற நல்விதை அன்று. எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது முளைக்காது. இப்பாஷ்யத்தின் வடமொழி மூலம் பல நூற்றாண்டுகள் இந்தியாவில் கிடைக்காமல் இருந்து, ராஹுல ஸாங்க்ருத்யாயநர் திபெத்தில் கண்டெடுத்த சுவடியிலிருந்து 1967இல் பாட்னாவில் அச்சேறியது. அதற்கு முன் இவ்வொப்பீட்டை வடமொழி மூலங்கொண்டு செய்ய வழியில்லை.

இனிப் புத்தகோஷரின் ‘விஸுத்திமக்கம்’. இருபத்து மூன்று பரிச்சேதங்களில் பதினொன்றை, அதாவது மூன்று முதல் பதின்மூன்று வரை, ஸமாதிக்கே அளித்த பெருநூல். மூன்றாம் பரிச்சேதத்தின் தொடக்கத்தில் ‘ஸமாதி யாது?’ என்று வினவி, ஸமாதி பலவிதம், அனைத்தையும் விரிக்கப் புகுந்தால் கருதிய பொருள் கைகூடாது, மேலும் சிதறலே விளையும் என்று ஒதுக்கிவிட்டு, இங்குக் கருதியது குசல சித்தத்தின் ஒருமை மட்டுமே என்கிறார். ஸமாதியைப் பற்றிய நூலில் சிதறலை அஞ்சி வரையறையைச் சுருக்கியது நயமாகவே இருக்கிறது. அடுத்து ‘ஸமாதி’ என்னும் சொல்லுக்கு நிர்வசநம் கூறுகிறார். சித்தமும் சைதஸிகங்களும் ஒரே ஆலம்பனத்தில் ஸமமாகவும் ஸம்யக்காகவும் வைக்கப்படுதலால் ஸமாதி என்பது அதன் கருத்து.

இங்கேதான் சிக்கல். ‘ஸம்’ என்னும் உபஸர்க்கத்திற்கே ஸம்யக் என்ற பொருளைக் கொடுத்துவிட்டால், ‘ஸம்மா ஸமாதி’ என்னும் தொடரில் அடை மிகையாகும். புநருக்தி தோஷம் வரும். அதைச் செஞ்ஞாயிறு வகை அடையாகக் கொண்டு ஒருவாறு அமைத்துவிடலாம். ஆனால் தம்மஸங்கணியில் எண்ணப்பட்ட ‘மிச்சா ஸமாதி’ என் ஆகும்? ஸம்யக்காக வைத்தலே ஸமாதியாயின், மித்யா ஸமாதி என்பது ‘மலடி மகன்’ என்பது போன்ற முரண்தொடர் ஆகிவிடும். தாம் உரைவழி போற்றும் ஒரு சாஸ்திரத்தின் சொல்லைத் தம் நிர்வசநத்தாலேயே பொருளற்றதாக்கிவிட்டார் என்ற பூர்வபக்ஷம் எழுகிறது.

இதற்குப் பரிஹாரம் இல்லாமல் இல்லை. ‘இங்குக் கருதியது’ என்று எல்லை கட்டிக்கொண்ட பின்னர்ச் சொன்ன நிர்வசநம் அவ்வெல்லைக்குள்ளேயே செல்லும். ஸமாதி என்னும் பொதுச்சொல்லுக்கு அது வரையறை அன்று. இவ்வளவில் ஆசிரியர் குற்றமற்றவர். குற்றம், அவ்வெல்லையை மறந்து நிர்வசநத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பரப்பியவர்களுடையது. இருந்தாலும் நூலின் அமைப்பால் விளைந்த ஓர் இழப்பைச் சொல்லாமல் விட முடியாது. தீய ஒருமை வாயிற்படியிலேயே விலக்கப்பட்டுவிட்டதால், பதினொரு பரிச்சேதங்களிலும் அதற்குத் தனியாக ஓர் இடம் இல்லை. நாற்பது கர்மஸ்தாநங்கள், சரிதைகள், ஆசாரியனை அடையும் முறை, தங்குமிடத்தின் பதினெட்டுக் குற்றங்கள் எல்லாம் விரிவாக உள்ளன. தன்னிடம் எழுந்த ஒருமை எத்தகையது என்று சாதகன் சோதித்துக்கொள்ள ஆநந்தர் கொடுத்த உரைகல் அங்கு அவ்வுருவில் வைக்கப்படவில்லை.

தீமையை மூலத்தில் வைத்தால் மற்றொரு கேள்விக்கும் விடை வேண்டும். ஆளார காலாமரும் உத்தக ராமபுத்ரரும் கௌதமருக்கு முதலில் யோகம் கற்பித்தவர்கள். அவர்கள் கற்பித்தவை ஆகிஞ்சந்யாயதநம், நைவஸம்ஜ்ஞாநாஸம்ஜ்ஞாயதநம் என்னும் மிக உயர்ந்த அரூப நிலைகள். அவற்றை அடைந்த பின் கௌதமர் விட்டு விலகினார். இதைக் கொண்டு, பிறருடைய ஸமாதி எல்லாம் மித்யா ஸமாதி என்று எழுதுவோர் உண்டு. மஜ்ஜிம நிகாயத்தின் 26ஆம் ஸூத்திரத்தில் அவர் விலகியதற்குக் கூறும் காரணம், அந்தத் தர்மம் நிர்வேதத்திற்கோ விராகத்திற்கோ நிர்வாணத்திற்கோ இட்டுச் செல்லாமல் அந்த ஆயதநத்தில் பிறப்பதற்கே இட்டுச் செல்கிறது என்பது. ‘மிச்சா’ என்ற சொல் அங்கு இல்லை. அன்றியும், ஞானம் பெற்ற பின் முதலில் யாருக்கு உபதேசிப்பது என்று எண்ணியபோது கண்ணில் தூசி குறைந்தவர் என்று அவர் நினைவில் வந்தவர் ஆளாரரே. ஏழு நாட்களுக்கு முன் அவர் இறந்துவிட்டார் என்றும், அடுத்து நினைத்த உத்தகரும் முந்தின இரவில் இறந்தார் என்றும் அறிகிறார். அழுகிய விதையை முதல் நிலத்தில் விதைக்க யாரும் நினைக்க மாட்டார்கள். எனவே அவர்களுடைய ஒருமை குசலம். ஆயின் வெளியேற்றுவது அன்று. குசலம், அகுசலம் என்னும் இணை வேறு. வெளியேற்றுவது, வெளியேற்றாதது என்னும் இணை வேறு. இவ்விரண்டு இணைகளையும் ஒன்றாக்கியதே பிழைகளுக்கு ஊற்று.

இரண்டாம் இணையை வகுப்பது 117ஆம் ஸூத்திரமாகிய ‘மஹாசத்தாரீஸக ஸுத்தம்’. ஸம்மா திட்டி முதல் ஸம்மா ஸதி ஈறாக உள்ள ஏழு அங்கங்களையும் பரிவாரமாகக் கொண்ட ஒருமையே ஆர்யமான ஸம்மா ஸமாதி என்கிறது அது. இதன்படி ‘ஸம்மா’ என்பது ஒருமைக்குள் இருக்கும் ஒரு குணத்தை மட்டும் குறிப்பதன்று. அது எக்கூட்டத்தில் இருக்கிறது என்பதைக் குறிப்பது. திருஷ்டி முன்செல்கிறது. இந்த ஸூத்திரம் முதல் ஐந்து அங்கங்களையும் ஆஸ்ரவத்தோடு கூடியது, ஆஸ்ரவமற்றது என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லி, வ்யாயாமம், ஸ்ம்ருதி, ஸமாதி என்னும் மூன்றை அவ்வாறு பிரிக்காமல் விட்டிருக்கிறது. சீன மொழியில் உள்ள இணைப் பாடத்தில் இப்பிரிவே இல்லை. பிற்கால அபிதம்ம நோக்கு மூலத்திற்குள் நுழைந்த இடம் இது என்று கருதுவோர்க்கு இது ஒரு சான்று. எங்ஙனமாயினும் ஸமாதியின் நன்மை அதன் பரிவாரத்தைப் பொறுத்தது என்ற கருத்து இரண்டு பாடங்களுக்கும் பொது.

இருபதாம் நூற்றாண்டில் பர்மாவில் எழுந்த இரு மரபுகள் பற்றியும் ஒரு சொல். மஹாஸீ ஸயாடோ (1904–1982) வழியினர் த்யாநங்களை முன்னதாக அடையாமல் க்ஷணிக ஸமாதியைக் கொண்டே விபச்யநை செய்யலாம் என்பர். பா-அவுக் வழியினர் விஸுத்திமக்கத்தின்படி த்யாநங்களையே அடித்தளமாகக் கொள்வர். இருதரத்தாரின் பின்னோரும் ஒருவர் மற்றவருடையதை ‘மித்யா’ என்று சொல்லிக்கொள்வதுண்டு. மேலே கண்ட பிரிவைக் கொண்டு பார்த்தால் இருவர் சொல்வதும் அச்சொல்லின் பொருளுக்குள் வராது. இரண்டும் குசலமே, பூசல் வெளியேற்றுவதன் வரிசை பற்றியது.

விஸுத்திமக்கத்தில் தீய ஒருமைக்கு இடமில்லை என்று மேலே சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு போல, இருபதாம் பரிச்சேதத்தில் ஒரு வரலாறு வருகிறது. உச்சவாலிகம் என்னுமிடத்தில் வாழ்ந்த மஹாநாகர் என்னும் தேரர் பெரிய ஞானி. சமத விபச்யநைகளின் வலிமையால் அறுபது ஆண்டுகள் அவரிடம் க்லேசங்கள் தலைகாட்டவே இல்லை. தம்மை அர்ஹத் என்றே அவர் எண்ணியிருந்தார். தலங்கரத்தில் வாழ்ந்த அவருடைய சீடர் தம்மதின்னர், ஆசான் இன்னும் ப்ருதக்ஜநனாகவே இருக்கிறார் என்பதை உணர்ந்து, அவரிடம் சென்று, ஒரு யானையைப் படைத்துக் காட்டும்படி வேண்டினார். தேரர் படைத்தார். அது காதுகளை விறைத்து, வாலை நீட்டி, துதிக்கையை வாயிலிட்டு, கொடிய பிளிறலோடு தங்களை நோக்கிப் பாய்ந்து வருமாறு செய்யச் சொன்னார் சீடர். அவ்வாறே செய்த தேரர், தாம் படைத்த யானை தம்மை நோக்கி வருவதைக் கண்டு எழுந்து ஓடத் தொடங்கினார். தம்மதின்னர் கைநீட்டி அவருடைய சீவரத்தின் ஓரத்தைப் பற்றி, ஆஸ்ரவம் அற்றவர்களுக்கு அச்சம் உண்டோ என்று கேட்டார்.

அறுபது ஆண்டுகள் அடங்கிக் கிடந்த அமைதி, தான் படைத்த ஒன்றின் முன் நிற்கவில்லை. இவருடைய ஸமாதியை மித்யா என்று உரை சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. மித்யாவாக இருந்தது அவ்வமைதியிலிருந்து அவர் அடைந்த முடிவு. ஒளி முதலான பத்து விபச்யநா உபக்லேசங்களின் நடுவே இதைப் புத்தகோஷர் வைத்ததன் கருத்தும் அதுவே. ஒளியோ, ப்ரீதியோ, அடக்கமோ தீயதன்று. அதை மார்க்கமென்று கொள்வது தவறு. வாயிற்படியில் விலக்கிய வினாவை அவர் வேறு உருவில் உள்ளே அழைத்து வந்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். வஸ்ஸகாரனுக்கு ஆநந்தர் சொன்ன விடை, அமைதி வந்துவிட்டது என்று எண்ணத் தொடங்குபவனுக்கு உரியது. யானைக் கதை அவ்வெண்ணத்தில் நெடுங்காலம் நிலைபெற்றவனுக்கு உரியது.

தேரர் சீடரை வணங்கி, தமக்குத் துணையாகும்படி வேண்டினார். சீடர் அதற்காகவே வந்ததாகச் சொல்லிக் கர்மஸ்தாநம் உபதேசிக்க, நடைபாதையில் மூன்றாம் அடியில் மஹாநாகர் அர்ஹத் ஆனார் என்று கதை முடிகிறது. அறுபது ஆண்டுகளாகச் சேர்த்த ஒருமை அந்த மூன்று அடிகளுக்குப் பயன்பட்டது என்பதை உரை வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டிருக்கிறது.